மீட்டருக்கு வைத்த பொட்டு

அந்த வருட ஆயுத பூஜைக்கு என் நாட்குறிப்பில் இருப்பது இரண்டே வரி. "தராசு, ஓவன், டைப்ரைட்டர், அரிவாள் எட்டு, ஜீப், மீட்டர். எல்லாவற்றுக்கும் நானே பொட்டு வைத்தேன்." எதையும் விட்டுவிடாமல் செய்ததில் ஒரு திருப்தி இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் "நானே" என்று எழுதியிருக்க மாட்டேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. கடைசியாக வைத்த அந்த ஒரு பொட்டால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று.

மைசூரிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு கால்நடைப் பண்ணையில் நான் தொழில்நுட்ப உதவியாளன். பண்ணையைச் சேர்ந்த மேய்ச்சல் நிலம் கல்தூணும் முள்கம்பியுமாகப் பன்னிரண்டு பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மழை ஓய்ந்த பிறகு, ஒவ்வொரு பிளாக்கிலும் எவ்வளவு புல் நிற்கிறது என்று எடை சொல்வது என் வேலை. நிலத்தில் நிற்கும் புல்லைத் தராசில் வைக்க முடியாது. ஆனால் அந்த எடை தெரிந்தால்தான் எத்தனை கிடேரிகளை அங்கே விடலாம், கோடை முடியும்வரை தாங்குமா, வைக்கோல் வாங்கிப் போர் போட வேண்டுமா என்றெல்லாம் முடிவு செய்ய முடியும்.

பழைய முறை சுலபமானது, ஆனால் மெதுவானது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கம்பிச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குப் பின்னால் எறிய வேண்டும். விழுந்த இடத்தில் சட்டத்துக்குள் உள்ள புல்லை எல்லாம் தரையோடு அறுத்து, பையில் போட்டு, சீட்டு எழுதி, ஓவனில் இரண்டு நாள் காயவைத்து நிறுக்க வேண்டும். பன்னிரண்டு பிளாக்கும் முடிய மூன்று வாரம் ஆகும். அதற்குள் முதல் பிளாக்கில் மாடு பாதி தின்றிருக்கும்.

அப்போதுதான் மீட்டர் வந்தது. பெங்களூரில் ஒரு பட்டறையில் செய்தது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதை ஒரு கழியின் நுனியில் மாட்டிப் புல்லுக்கு மேலே பிடிக்க வேண்டும். பெட்டியின் அடிப்புறம் இரண்டு வட்டக் கண்ணாடிகள் இருந்தன. பச்சை இலை சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும். சிவப்புக்கு அடுத்ததாக நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் உண்டு, அதைத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் மண் இப்படிப் பாரபட்சம் பார்க்காது. ஒரு கண் சிவப்பைப் பார்த்தது, இன்னொரு கண் தெரியாததைப் பார்த்தது. இரண்டாவதை முதலாவதால் வகுத்து ஒரே ஓர் எண்ணாகக் காட்டும் பெட்டி அது. இலை அதிகமானால் எண் அதிகம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அறுபது இடங்களில் மீட்டரைப் பிடித்து எண்ணைக் குறித்துக்கொண்டோம். பிறகு அதே இடத்துப் புல்லை அறுத்து, காயவைத்து, நிறுத்தோம். அறுபது புள்ளிகளை வரைபடத் தாளில் வைத்து ஒரு கோடு போட்டேன். அந்தக் கோடு இருந்தால் இனி அரிவாள் வேண்டாம். எண்ணைப் படித்தால் எடை தெரிந்துவிடும். என் வாழ்நாளில் நான் போட்ட மிக அழகான கோடு அது.

மீட்டருக்கு இரண்டு சோதனைகள் உண்டு. மூடியைப் போட்டுக் கண்ணாடிகளை இருட்டாக்கினால் பூஜ்யம் காட்ட வேண்டும். இதைத் தினமும் பார்ப்பேன். வெயிலில் வைத்த ஒரு வெள்ளைப் பலகையின் மேலே பிடித்தால் ஒன்று காட்ட வேண்டும். இது வாரத்துக்கு ஒரு முறை. பலகை இரண்டடிச் சதுரம், மீட்டரோடு வந்தது, தனிப் பெயிண்ட் அடித்தது. அதைப் பழைய வேட்டியில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தேன்.

செப்டம்பர் கடைசியில் அதிகாரி பீரோச் சாவியைக் கேட்டார். அவர் கன்னடக்காரர், என்னிடம் மட்டும் அவருக்குத் தெரிந்த தமிழில் பேசுவார்; 'பாருங்கள்' என்பதற்கு 'நோடி'யும், 'சார்' என்பது போல 'ரீ'யும் நடுவில் வந்துவிடும்.

"நோடி, தசரா பொருட்காட்சியில நம்ம ஸ்டால் இருக்கு. அந்த வெள்ளை பலகை குடுங்க. நடுவுல வெச்சு சார்ட் ஒட்டணும்."

"சார், அது சார்ட் ஒட்டுற பலகை இல்ல. மீட்டர் சோதனை செய்யுற பலகை."

"வெள்ளையாத்தானே இருக்கு?"

"வெள்ளையாத்தான் இருக்கு சார்."

"அப்புறம் என்ன ரீ? பொருட்காட்சி முடிஞ்சா வந்துரும்."

பொருட்காட்சி முடிய மாதக்கணக்காகும் என்பது மைசூரில் எல்லோருக்கும் தெரியும். கொடுத்துவிட்டேன். பதிவேட்டில் "வெள்ளைப் பலகை சோதனை: பலகை இல்லை" என்று எழுதினேன். அடுத்த வாரமும் எழுதினேன். அதற்கு அடுத்த வாரமும் அதே கையெழுத்தில், அதே பத்தியில். நடக்காத ஒன்றை இத்தனை ஒழுங்காக எழுதி வைத்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எழுதிவிட்டால் செய்தது போலத்தான் என்று அந்தக் காலத்தில் நான் நம்பிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஆயுத பூஜை அன்று அலுவலகக் கூடத்தில் மேஜையைப் போட்டு, எல்லாச் சாமான்களையும் துடைத்து வரிசையாக வைத்தேன். கண்ணாடியில் கீறல் விழக்கூடாது என்று மீட்டரை எப்போதும் மல்லாத்தித்தான் வைப்பேன். அன்றும் அப்படியே வைத்தேன். சந்தனத்தை நல்லெண்ணெய் சேர்த்துக் குழைத்திருந்தார்கள், காய்ந்து உதிராமல் இருக்க வேண்டும் என்று. தராசில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். மீட்டரை மட்டும் விட்டுவிட்டு, ஜீப்புக்கும் வைத்துவிட்டுத் திரும்பியபோது தலைமை குமாஸ்தா கையைப் பிடித்தார். அவரும் தமிழர், பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்.

"என்னப்பா, மாப்பிள்ளைக்குப் பொட்டு இல்லயா? அரிவாளுக்குக்கூட வெச்சே. உன் செல்லப் பிள்ளைக்கு வெக்கமாட்டியா?"

"அது கண்ணாடி சார். பொட்டு வெச்சா கெட்டுரும்."

"கண்ணுல யாருய்யா வெக்கச் சொன்னா? ரெண்டு கண்ணு இருக்கு, நடுவுல நெத்தி இருக்கு. நெத்தியில வெய்யி."

எல்லோரும் சிரித்தார்கள். பார்த்தால் அவர் சொன்னது சரிதான். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் விரலகலத்துக்கு ஓர் உலோகப் பட்டை இருந்தது. மல்லாந்து கிடந்த மீட்டர் முகம் மாதிரியே இருந்தது. நான் மோதிர விரலால் சந்தனத்தை எடுத்து, பட்டையின் சரி நடுவில், எந்தப் பக்கமும் வழியாமல் ஒரு பொட்டு வைத்தேன். அதன்மேல் கடுகளவு குங்குமம் வைத்தேன். பூஜை முடிந்ததும் தூசி படாமல் இருக்க மூடியைப் போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மூடியின் உள்பக்கம் கறுப்பு ஃபெல்ட் துணி ஒட்டியிருந்தது. அதை அன்று நான் நினைக்கவில்லை. நினைக்க வேண்டியது ஒன்று இருந்திருந்தால் அது அதுதான்.

விடுமுறை முடிந்து திறந்தபோது பொட்டு நசுங்கியிருந்தது. ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் துடைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்; கண்ணாடி பளிச்சென்று இருந்தது. மூடியைப் போட்டுப் பூஜ்யம் பார்த்தேன்; பூஜ்யம் காட்டியது. மூடியோடேயே ஜீப்பில் வைத்துக்கொண்டு மேய்ச்சல் நிலத்துக்குப் போனேன். எடைக்குப் புல் அறுக்க வழக்கமாக வரும் பெண்களுக்கு அந்த முறை ஆளனுப்பவில்லை. "மீட்டரும் வேணும், அறுக்கவும் வேணும்னா மீட்டர் எதுக்கு ரீ?" என்றார் அதிகாரி. நானும் அதை ஒத்துக்கொண்டேன். என் கோட்டின் மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை.

நிலத்தின் காவல்காரர் கேட்டில் நின்றிருந்தார். ஹனூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் தமிழ் பேசுபவர். பதினாறு வருடமாகத் தினக்கூலியாக அங்கே இருந்தார். கேட்டருகே ஒரு தகரக் குடிசையில் மனைவியோடு குடியிருந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். நான் அவரை "வாப்பா, போப்பா" என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை "சாருங்க" என்றார். அந்த வருடம் தினக்கூலிக்காரர்களில் நால்வரை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாராகியிருந்தது. அதில் அவர் பெயர் இரண்டாவது. பட்டியலை டைப் அடித்தவன் நான். அதை அவரிடம் சொன்ன அன்று அவர் மனைவி என் கையில் அரைப் படி கேழ்வரகு மாவைத் திணித்தார்.

கழியைப் பிடிக்க அவர்தான் வந்தார். காலை பத்தரையிலிருந்து ஒன்றரை வரை, வெயில் உச்சியில் இருக்கும்போது அளக்க வேண்டும். நான் எண்ணைப் படித்து எழுதுவேன். நான்காவது பிளாக்கில் ஓர் இடத்தில் அவர் நின்று புல்லைக் காலால் விலக்கினார்.

"சாருங்க, இங்க எத்தனை காட்டுதுங்க?"

சொன்னேன்.

"போன வருசத்துக்கு சாஸ்தியா, கம்மியா?"

"போன வருசம் மீட்டர் இல்ல. அறுத்த கணக்குப்படி பார்த்தா, இந்த வருசம் நல்லாவே கூடுதல்."

அவர் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "விடியக்காலம் நடக்கறப்ப அப்படித் தோணலீங்க. போன வருசம் வேட்டி நனைஞ்சுது முழங்கால் வரைக்கும். இப்ப கெண்டக்கால்தான் நனையுது."

"பனி கம்மியா இருக்கும்."

"அதுவும் இருக்குமுங்க." பிறகு சிரித்தார். "மீட்டரு படிச்ச ஆளுங்க செஞ்சது. என் வேட்டி என்ன படிச்சுதுங்க?"

நானும் சிரித்தேன். அதை நாட்குறிப்பில் வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறேன். "காவல்காரரின் வேட்டிக்கும் மீட்டருக்கும் கருத்து வேறுபாடு."

என் எண்களின்படி அந்த வருடம் புல் தாராளம். கிடேரிகளைக் கூடுதலாக விட்டார்கள். வைக்கோல் வாங்கவில்லை. அதிகாரி பெங்களூருக்கு அறிக்கை அனுப்பினார். அதன் இரண்டாவது பக்கத்தில் என் கோடு இருந்தது.

சங்கராந்தி கழிந்து ஒரு வாரத்தில் புல் தீர்ந்துவிட்டது. பன்னிரண்டு பிளாக்கிலும் வேர்க்கட்டை மட்டும் நின்றது. கணக்குப்படி மார்ச் கடைசிவரை வர வேண்டியது. கிடேரிகள் கம்பி வேலிக்கு வெளியே கழுத்தை நீட்டி நின்றன. விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. அவசரமாக மண்டியாப் பக்கமிருந்து லாரியில் வைக்கோல் கொண்டுவந்தார்கள். பெங்களூரிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

விசாரணை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அதிகாரியின் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வாக்குமூலம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி தாளில் கணக்கைப் போட்டுக் காட்டினார். அக்டோபரில் இவ்வளவு புல் இருந்தது. இத்தனை மாடு, நாளொன்றுக்கு இத்தனை தின்றது. மீதி இவ்வளவு இருக்க வேண்டும். நெருப்புப் பிடிக்கவில்லை, வெள்ளம் வரவில்லை. மீதிப் புல் எங்கே? பக்கத்துக் கிராமத்து மாடுகள் உள்ளே வந்து மேய்ந்திருக்கின்றன, வேறு வழியில்லை. கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. அந்த முதல் வரியைத் தவிர. அது என் வரி.

காவல்காரரை நிற்கவைத்துக் கன்னடத்தில் கேட்டார்கள். அவர் மாடு எதுவும் வரவில்லை என்றார். மாட்டுக்காரர்களோடு பழக்கம் உண்டா? கிராமம் பக்கத்தில்தானே இருக்கிறது, பழக்கம் உண்டு. உள்ளே விட்டாயா? இல்லை. அப்படியானால் புல் என்ன ஆயிற்று? அவர் திரும்பி, என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"சாருங்க, அந்த மீட்டரு தப்பா காட்டியிருக்குமுங்களா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன், அப்போது எனக்குத் தெரிந்த உண்மையை. "தினமும் பூஜ்யம் பார்த்திருக்கேன். சரியாத்தான் இருந்துச்சு."

பலகைச் சோதனை நடக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

பிறகு அவர் சொன்னதை நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். "அப்ப நான்தானுங்க எங்கியோ கண்ணசந்திருக்கோணும். ராத்திரி மூணு மணிக்கு மேல ஒரு அசதி வருமுங்க. அந்நேரம் உட்டிருப்பாங்க. மிசினு பொய் சொல்லாதுங்களே."

அதைக் கன்னடத்தில் மாற்றி எழுதினேன். "காவல் நேரத்தில் தூங்கியதை ஒப்புக்கொள்கிறேன்." அவர் சொன்னதில் இருந்த "இருக்கோணும்" என் வாக்கியத்தில் இல்லை. சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கட்டும் என்று எடுத்துவிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். அதிகாரி சீல் வைத்தார். பட்டியலில் இரண்டாவது பெயரை அடித்துவிட்டு மூன்றாவதை மேலே ஏற்றி நான்தான் மறுபடி டைப் அடித்தேன். பத்து நாளில் குடிசையைக் காலி செய்தார்கள். அவர் மனைவி போகும்போது அலுவலகத்துக்கு வரவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் பொருட்காட்சியிலிருந்து பலகை திரும்பியது. நான்கு மூலையிலும் குண்டூசித் துளை. நடுவில் பசை காய்ந்திருந்தது. கோபத்தோடு துடைத்து வெயிலில் வைத்து, மீட்டரை மேலே பிடித்தேன். ஒன்று காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றேகாலுக்கு மேல் காட்டியது. பலகைதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பசை படாத ஓரத்தில் பிடித்தேன், அதே எண். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பைப் பார்க்கும் கண்ணில், ஒரு பக்கமாக, மெல்லிய பிறை போல ஓர் ஏடு. விரலால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. காலையில்தான் துடைத்திருந்தேன்.

பிறகுதான் மூடியைத் திருப்பினேன். கறுப்பு ஃபெல்ட்டில், நடுவிலிருந்து ஒரு பக்கமாக, ஒரு கறை. மூக்கருகே கொண்டுபோனேன். நான்கு மாதத்துக்கு மேலாகியும் சந்தனம் மணத்தது.

தினமும் காலை அலுவலகத்தில் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு மூடியைப் போட்டுப் பூஜ்யம் பார்த்தேன்; இருட்டில் பிசுக்குப் படிந்த கண்ணும் பூஜ்யம்தான் காட்டும். மூடியோடேயே ஜீப்பில் முக்கால் மணி நேரம் குலுங்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஃபெல்ட் ஒரு கண்ணின் மேல் சந்தனத்தையும் எண்ணெயையும் மறுபடி தடவிக்கொண்டே வந்தது. நிலத்தில் மூடியைக் கழற்றினால் அந்தக் கண்ணுக்குச் சிவப்பு குறைவாகத் தெரியும். சிவப்பு குறைந்தால் மீட்டர் புல் அதிகம் என்று சொல்லும். முதலில் துடைத்து, பிறகு மூடி போட்டது என் ஒழுங்கு. ஒழுங்கில்லாத ஒருவன், நிலத்தில் போய்ச் சட்டைத் துணியால் துடைத்திருப்பான், தப்பே நேர்ந்திருக்காது.

அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அக்டோபர் எண்கள் எல்லாவற்றையும் அந்த ஒன்றேகாலால் திருத்தி, கோட்டிலிருந்து எடையைப் புதிதாக எடுத்து, மாடுகள் தின்றதைக் கழித்தேன். சங்கராந்தி கழிந்த வாரத்தில் பூஜ்யம் வந்தது. ஒரு வெளி மாடுகூட உள்ளே வரவில்லை. ஒரு பிடி புல்கூடத் திருட்டுப் போகவில்லை. அவர் தூங்கவில்லை. அவருடைய வேட்டி சரியாகவே அளந்திருந்தது.

இரண்டு பக்கக் குறிப்பாக, கார்பன் வைத்து எழுதி, அதிகாரியிடம் கொண்டுபோனேன். முழுவதும் படித்தார். மெதுவாகப் படிப்பவர்.

"இத யாருக்குச் சொன்னீங்க?"

"யாருக்கும் இல்ல சார்."

"நோடி. மீட்டர் திட்டத்துக்கு இரண்டாவது வருசம் ஒப்புதல் வந்திருக்கு. உங்க பேரும் அதுல இருக்கு. சந்தனப் பொட்டு புல் வளர்த்துச்சுன்னு நான் பெங்களூருக்கு எழுதணுமா? சிரிப்பாங்க. அப்புறம் உங்களக் கேப்பாங்க, பலகை சோதனை ஏன் செய்யலன்னு."

"பலகையை நீங்கதான் சார்..."

"பதிவேட்டுல உங்க கையெழுத்துதானே இருக்கு? வாரா வாரம் 'இல்லை, இல்லை'ன்னு?"

அவர் குறிப்பை இரண்டாக மடித்தார்.

"அந்த ஆள் அவனே ஒத்துக்கிட்டான். எழுதினது நீங்க. ஆயித்து, பிடி ரீ, விட்டுருங்க. ஃபெல்ட்ட மாத்திருங்க." குறிப்பை இழுப்பறைக்குள் வைத்தார்.

ஃபெல்ட்டை மாற்றினேன். அந்த நாளுக்குரிய வரி: "மூடியின் உள்துணி மாற்றப்பட்டது. பலகைச் சோதனை: 1.00." அடுத்த இரண்டு வருடம் மீட்டர் அருமையாக வேலை செய்தது. எனக்குப் பதவி உயர்வு வந்தது. கார்பன் நகல் என்னிடமே இருந்தது. அதை யாருக்காவது அனுப்ப வேண்டும் என்று சில ஞாயிற்றுக்கிழமைகளில் தோன்றும். உறையில் முகவரிகூட எழுதியிருக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து, மனைவியின் வேண்டுதலுக்காக மாதேஸ்வரன் மலைக்குப் போனோம். கொள்ளேகாலில் பஸ் மாறி, மலை ஏறி இறங்கும்போது எனக்குக் குமட்டிவிட்டது. மனைவி கோயில் வரிசையில் நிற்க, நான் டீ குடிக்க ஒரு கடையில் உட்கார்ந்தேன். டம்ளரை நீட்டிய பெண்ணின் கையைப் பார்த்ததும் தெரிந்தது. காவல்காரரின் மனைவி.

"சாரா? வாங்க சார்," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "ஏனுங்க, இங்க ஆரு வந்திருக்காங்கன்னு பாருங்க."

அவர் வந்தார். பக்கத்தில் ஒரு யாத்திரிகர் சத்திரத்தில் காவல் வேலை என்றார். இளைத்திருந்தார். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. டீக்குக் காசு வாங்க மறுத்தார்.

"இப்ப ராத்திரி ஒரு பொட்டுத் தூங்கறதில்லீங்க. மூணு மணிக்கு அசதி வந்தா எந்திரிச்சுத் தண்ணி ஊத்திக்குவனுங்க மூஞ்சியில. ஒருக்கா பட்டது போதுமுங்க."

அவர் மனைவி சிரிக்காமல் சொன்னார். "பகல்லயும் தூங்கறதில்ல. படுத்தாலும் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கறாரு. சொந்த ஊருக்கே போறதில்ல சார். பண்ணைப் புல்ல வித்துப்போட்டான்னு பங்காளிங்களே பேசறாங்க."

அப்போதுதான் சொன்னேன். ஏன் அந்த நேரத்தில் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. நான் அங்கே யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை என்பதால் இருக்கலாம். பொட்டு, மூடி, ஃபெல்ட், பலகை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இருவரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். சொல்லும்போதே அவரை "நீங்க" என்று கூப்பிடுகிறேன் என்பதைக் கவனித்தேன்.

"அப்ப நான் தூங்கலீங்களா?" என்று கேட்டார்.

"நீங்க தூங்கல."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? தூங்கலையாமா."

"அதைய நான் அப்பவே சொன்னன். நீங்கதான் மிசினு பொய் சொல்லாதுன்னீங்க." பிறகு என்னைப் பார்த்தார். "ஏனுங்க சார், இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நீங்க போன மூணாவது வாரம்."

"எழுதி வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"தேதி போட்டு?"

"தேதி போட்டுத்தான்."

"நல்லது," என்றார். என் முன்னால் இருந்த டம்ளரை எடுத்தார். அதில் இன்னும் பாதி டீ இருந்தது. கழுவப் போய்விட்டார்.

காவல்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "ஒரு காயிதத்துல எழுதித் தருவீங்களா சாருங்க? வேலைக்கு இல்லீங்க. அது போச்சு. ஊர்ல காட்டறதுக்கு" என்றார்.

பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். பின்பக்கத்துத் தாள் ஒன்றை அடிக்கோல் வைத்துக் கிழித்து, தமிழில் எழுதினேன். இன்ன பண்ணையில் காவல் வேலை பார்த்த இவர் மேல் எந்தத் தவறும் இல்லை, புல் குறைந்தது அளவுக்கருவியின் பிழையால், கருவிக்குப் பொறுப்பு நான். கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்கு இடப்பக்கம், வழக்கப்படி, சீலுக்கு இடம் விட்டிருந்தேன், கை பழக்கம்.

அவர் தாளைத் தூரப் பிடித்துப் படித்தார். பிறகு வெறும் இடத்தை விரலால் தொட்டார்.

"சீல் இல்லீங்களா?"

"ஆபீஸ்ல இருக்கு."

"நான் தூங்கினன்னு எழுதின காயிதத்துல சீல் இருந்துதுங்க." கோபமாகச் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்து என்னிடமே நீட்டினார். "சீல் வெச்சு அனுப்புங்க. சீல் இல்லாம காட்டினா, நானே எழுதிக்கிட்டேன்னு சொல்லுவாங்க."

அனுப்புவதாகச் சொன்னேன். சத்திரத்தின் முகவரியை எழுதிக்கொண்டேன், கதவு எண்ணோடு.

திங்கட்கிழமை அலுவலகம் போனேன். பதவி உயர்வுக்குப் பிறகு சீல் என் பொறுப்பில்தான் இருந்தது. என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில். மைப் பெட்டியைத் திறந்து, சீலை ஒற்றி எடுத்தேன். தாளை விரித்தேன். "கருவிக்குப் பொறுப்பு நான்." அந்தக் கோட்டை வைத்து அதற்குள் மூன்று வருட அறிக்கைகள் போயிருந்தன, வேறு இரண்டு பண்ணைகள் அதையே பின்பற்றின. சீல் விழுந்தால் இந்தத் தாள் கடிதமாக இருக்காது, கோப்பாகிவிடும். மை காயும்வரை சீலைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு துடைத்து உள்ளே வைத்தேன்.

அடுத்த வாரம் செய்யலாம் என்று நினைத்தேன். அதையும் எழுதி வைத்திருக்கிறேன், வாரா வாரம், அதே பத்தியில்.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு முடியப் போகிறது. தாள் அந்த வருட நாட்குறிப்பில், மலைக்குப் போன நாளின் பக்கத்தில் இருக்கிறது. மடிப்புகள் கிழியாமல் இருக்க ஓரத்தில் டேப் ஒட்டியிருக்கிறேன். சீலுக்கு விட்ட இடம் அப்படியே வெள்ளையாக இருக்கிறது. அந்த மலையில் இன்றைக்கும் அவர் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்.